ஒரு லிட்டர், முப்பது கிலோமீட்டர்

போன ஆண்டு ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே முக்கால் மணி. திருவையாற்றுக்குக் கிழக்கே இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில், அண்ணனின் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் மேல் உட்கார்ந்திருந்தேன். ஹேண்டில்பாரில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தொங்கியது. அதற்குள் சரியாக ஒரு லிட்டர் பெட்ரோல். அதை வைத்து முப்பது கிலோமீட்டர் ஓட்டி வாசலுக்குத் திரும்பினால் வண்டி எனக்கு. வழியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டால், பத்து மணிக்கு அதைப் பார்க்க வரவிருந்த கும்பகோணத்துக்காரருக்கு.

இந்தப் பந்தயம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் கல்லூரியில் படித்த காலத்தில் அந்த வண்டியை ரேஸ் வண்டி மாதிரி மாற்றி வைத்திருந்தான். பெரிய கார்புரேட்டர், வயிறு பெருத்த சைலன்சர், எடுத்த எடுப்பில் பறப்பதற்காகச் செயின் ஓடும் பின் பல்சக்கரமும் பெரியது. ஆயில் பம்பைக் கழற்றித் தூக்கிப் போட்டிருந்தான். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் தனியாக உள்ளே தங்காது. பம்பு வழியாக வர வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். நாங்கள் கலந்து ஊற்றுகிற ஜாதி. லிட்டருக்கு முப்பது மில்லி.

அண்ணன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனதும் வண்டி என் கைக்கு வந்தது. தஞ்சாவூரில் விவசாய இயந்திரங்கள் சர்வீஸ் செய்யும் நிறுவனம் ஒன்றில் இன்ஜினியராக இருக்கிறேன். போக வர முப்பது கிலோமீட்டர். முதல் மாதம் கணக்குப் பார்த்தபோது லிட்டருக்கு இருபத்திரண்டுதான் வந்தது. அதோடு ஆயில், அடிக்கடி ஸ்பார்க் பிளக், நீண்டுகொண்டே போகிற செயின். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"நம்ம பம்புசெட்டே பரவால்ல போல பாப்பா. அது குடிச்சாலும் வயலுக்குத் தண்ணியாவது குடுக்குது. இது என்னா குடுக்குது, சத்தமா?"

சத்தத்தைப் பற்றி அப்பாவுக்கு என்ன தெரியும்? ஐயாயிரம் ஆர்பிஎம் வரை சாதுவாக முனகிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டியதும் திடீரென்று தொண்டையைத் திறந்து ஒரு கூவல் கூவும் பாருங்கள், உள்ளங்காலில் இருந்து உச்சி வரை சிலிர்க்கும். அதை விற்க எனக்கு மனம் வரவில்லை. என் பழக்கப்படி ஒரு நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன்.

பின் பல்சக்கரத்தைப் பழைய அளவுக்கே மாற்றினேன். அண்ணன் கழற்றியிருந்த ஏர் ஃபில்டரைத் திரும்பப் பொருத்தினேன். உரசிக்கொண்டிருந்த பிரேக்கை விடுவித்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டை ஒவ்வொரு அளவாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தேன். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெளுப்பு என்றால் சூடு அதிகம், பால் கலந்த காபி நிறம் வந்தால் சரி. நான்கு மாதத்தில் டவுன் நெரிசலிலேயே இருபத்தேழு வந்தது. இருபத்தேழு! நோட்டில் அந்த எண்ணுக்கு இரண்டு முறை வட்டம் போட்டேன்.

அப்பா அசரவில்லை. யாரிடமோ சொல்லி வாங்க ஆள் பிடித்துவிட்டார். நான் சண்டை போட்டதில் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார்.

"நீ தெனம் போயிட்டு வர்ற தூரம் முப்பது. ஒரே லிட்டர்ல முப்பது ஓட்டிட்டு வாசலுக்கு வந்து நில்லு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"சரிப்பா."

"ஆனா ஒண்ணு. உன் டேங்க்ல இருக்கற பெட்ரோல் வேணாம். நீ அதுல என்னென்னத்தக் கலந்து வச்சிருக்கியோ! அம்மா ஸ்கூட்டர்லேருந்து எடு. நான் பாத்து அளந்து குடுக்கறேன்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எதில் இருந்து எடுத்தால் என்ன? அம்மாவின் ஸ்கூட்டரில் இருந்து குழாய் போட்டு இறக்கினோம். அப்பா குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என் அளவுக் குடுவையில் கோடு பார்த்து அளந்தார். அம்மா சமையலறையில் இருந்தே குரல் கொடுத்தாள்.

"யாரு ஜெயிச்சாலும் சரி, என் ஒரு லிட்டரு திரும்ப வந்துரணும்."

நான் பாட்டிலில் நூறு மில்லிக்கு ஒரு கோடு வரைந்து, அதன் குழாயை நேராகக் கார்புரேட்டரில் மாட்டினேன். டேங்குக்கு வேலையே இல்லை. பிறகு முந்தின இரவு எழுதிய டெஸ்ட் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். டயர் காற்று. செயின் தொய்வு. பிரேக் உரசல். பிளக் இடைவெளி. குழாய் கசிவு. பதினோரு வரி, பதினோரு டிக். அப்பா மீட்டர் எண்ணைத் தன் கையாலேயே நோட்டில் எழுதினார். கிளம்பினேன்.

காவிரிக் கரையோரமாகக் கும்பகோணம் போகிற சாலை. பதினைந்து கிலோமீட்டரில் கபிஸ்தலம் நெருங்கும், அங்கே திரும்ப வேண்டும். ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மறுபக்கம் குறுவை கதிர் தள்ளும் பருவம். நாற்பதுக்கு மேல் முறுக்கக் கூடாது என்று எனக்கு நானே உத்தரவு போட்டிருந்தேன். கூவவிடாமல் அந்த வண்டியை ஓட்டுவது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு கஷ்டம். வலது கை தானாகத் திரும்பப் பார்க்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். கண் ஒரு முறை சாலையில், ஒரு முறை பாட்டிலில்.

ஐந்தாவது கிலோமீட்டரில் கண்ணாடியில் பார்த்தேன். வழக்கமாகப் பின்னால் நீலமாக ஒரு வால் மாதிரி புகை வரும். அது மெலிந்திருந்தது. எட்டாவது கிலோமீட்டரில் இன்னும் மெலிந்தது. பத்தில் புகையே இல்லை! நான்கு மாதம் ஜெட் மாற்றியதன் பலன் என்று நினைத்தேன். இவ்வளவு சுத்தமாக எரிகிற டூ ஸ்ட்ரோக் இந்த ஜில்லாவிலேயே இருக்காது என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே சொல்லிக்கொண்டேன்.

பதினோராவது கிலோமீட்டரில் சாலையோர வயலில் ஒரு கணவனும் மனைவியும் மருந்தடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவர் முதுகில் பவர் ஸ்பிரேயரை ஏற்றிக்கொண்டிருக்க, அந்தப் பெண் நிமிர்ந்து என் வண்டியையே பார்த்தார். ஒரு பெண் இந்த வண்டியில் போனால் எல்லோரும் பார்ப்பது வழக்கம்தான். பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனேன்.

பதினைந்தில் திரும்பினேன். பாட்டிலில் ஐந்தரைக் கோடு மீதி! பாதிக்கு மேல்! மனக்கணக்குப் போட்டேன், லிட்டருக்கு முப்பத்து மூன்று. கும்பகோணத்துக்காரருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடலாம். திரும்பும் வழியில் அண்ணனுக்கு என்ன மெசேஜ் போடுவது என்று வார்த்தை வார்த்தையாக யோசித்துக்கொண்டே வந்தேன்.

பதினெட்டில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் மாறியது. கிண்ணத்தில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல மெல்லிய கிணுகிணுப்பு. வேகமும் இறங்கியது. எதிர்க்காற்று என்று நினைத்து இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.

பத்தொன்பதாவது கிலோமீட்டரில் பின் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டது. கிறீச்சென்று டயர் தேய, வண்டி வால் பக்கம் இடது வலதாக ஆடியது. டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்கள் கிளட்ச் மேல் எப்போதும் இரண்டு விரல் வைத்திருக்க வேண்டும் என்பது அண்ணன் சொல்லிக் கொடுத்த ஒரே நல்ல பழக்கம். விரல்கள் தாமாக அழுத்தின. சக்கரம் விடுபட்டது. பின்னால் வந்த மினி பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு என் முழங்கையை உரசாத குறையாகக் கடந்து போனது. நான் ஓரத்துப் புல்லில் ஏறி நின்றேன். கிக்கரை மிதித்தேன். பாறையை மிதித்தது போல இருந்தது. இன்ஜின் இறுகிவிட்டது.

வண்டியில் இருந்து இறங்கி, அந்த நிலையிலும், பட்டியலைத்தான் எடுத்தேன். டயர், செயின், பிரேக், பிளக். எல்லாவற்றிலும் டிக் இருந்தது. எதுவுமே விட்டுப் போகவில்லை. அப்படியானால் ஏன்?

நான் நின்ற இடம் அந்தத் தம்பதியின் வயலுக்குக் கூப்பிடு தூரம். மனைவி வரப்பில் வேகமாக வந்தார். என் வயதுதான் இருக்கும். பின்னாலேயே ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டுக் கணவரும் வந்தார்.

"அடி கிடி பட்டுச்சாங்க?" என்றார் அந்தப் பெண்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"போறப்பவே பாத்தேங்க. சத்தம் வருது, புகை வரலயேன்னு இவருகிட்ட சொன்னேன்."

"நான்தான் புது மாடலா இருக்கும்னு சொன்னேன்" என்றார் கணவர்.

"ஆமா, உங்க தாத்தா காலத்துப் புது மாடலு." அந்தப் பெண் பாட்டிலுக்கு அருகே குனிந்து, மூடியைத் திறந்து பார்த்தார். பச்சைத் தண்ணீர் போல வெளுத்திருந்தது பெட்ரோல். "இதுல ஆயில் கலந்தீங்களா?"

அந்த ஒரு வினாடியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஆயில் என் பட்டியலில் இருந்தது. டேங்க் நிரப்பும் பட்டியலில், மூன்றாவது வரியில். டெஸ்டுக்கு டேங்க் கிடையாது என்பதால் அந்தப் பட்டியலை நான் தொடவே இல்லை. டெஸ்ட் பட்டியலில் அந்த வரி இல்லை. அம்மாவின் ஸ்கூட்டர் ஃபோர் ஸ்ட்ரோக். அதன் பெட்ரோலில் ஆயில் இருக்காது. சைலன்சரில் ஒட்டியிருந்த பழைய ஆயில் எரிந்து தீர்ந்ததும் புகை நின்றிருக்கிறது. அதைத்தான் நான் சாதனை என்று கொண்டாடிக்கொண்டு போயிருக்கிறேன்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, மேடமா!"

எனக்குப் புரியவில்லை.

"போன மாசம் எங்க ஊருக்கு வந்து ஸ்பிரேயர் கிளாஸ் எடுத்தீங்கள்ல மேடம். ஸ்பிரேயரும் டூ ஸ்ட்ரோக்குதான்னு சொல்லி, லிட்டருக்கு முப்பது மில்லின்னு போர்டுல பெருசா எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டீங்க. ஆயில் கலக்காம ஓட்டுனா பிஸ்டன் என்ன ஆவும்னு எங்க எல்லாரையும் சொல்லச் சொன்னீங்க."

"அதான் இன்னிக்குக் கூட்டிட்டு வந்து காட்டியிருக்காங்க" என்றார் கணவர்.

அந்தப் பெண் அவரை முறைத்தார். ஆனால் அவருக்கும் அடக்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. மூன்று பேரும் சாலையோரத்தில் நின்று, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம். என் கண்ணில் வந்தது முழுக்கச் சிரிப்பால் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு அந்தப் பெண் செய்த ஒவ்வொன்றும் நான் கற்றுக் கொடுத்ததுதான், ஆனால் என்னைவிட நிதானமாகச் செய்தார். முதலில் இன்ஜின் ஆறட்டும் என்று கட்டாயமாக உட்கார வைத்தார். நான் அவசரத்தில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாமா என்று கேட்டதற்கு, "சுட்ட இரும்புல தண்ணி பட்டா வெடிச்சிரும்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார். ஸ்பிரேயருக்கு என்று வைத்திருந்த ஸ்பேனரால் கணவர் பிளக்கைக் கழற்றினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. பிளக் துளை வழியே ஆயிலைக் கொஞ்சம் விட்டுக் காத்திருந்தோம். வண்டியை நான்காவது கியரில் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்தோம். பத்தாவது அசைப்பில் உள்ளே ஏதோ 'ளொக்' என்று விட்டுக்கொடுத்தது. நான் கத்தியே விட்டேன். பிஸ்டன் நகர்கிறது!

அவர்களுடைய பெட்ரோல் கேனின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி முடிச்சுப் போட்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"கலந்ததுக்கு அடையாளம் மேடம். பெட்ரோலு வாங்கிட்டு வந்து இறக்குன கையோட ஆயில ஊத்தி முடிச்சுப் போட்டுருவேன். கலக்காத பெட்ரோலுன்னு ஒண்ணு எங்க வீட்டுலயே இருக்காது. இருந்தாத்தான மறக்கறதுக்கு?"

என் பதினோரு வரிப் பட்டியல் சட்டைப்பையில் கனத்தது.

அந்தக் கேனில் இருந்தே ஊற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். பந்தயத்தைச் சொன்னேன். பெட்ரோல் ஒரு சொட்டுக் கூடச் சேர்க்கக் கூடாது. ஆனால் ஆயில் சேர்க்கக் கூடாது என்று அப்பா சொல்லவில்லையே! இருவர் முகமும் மலர்ந்துவிட்டது. இப்போது அது மூன்று பேருடைய பந்தயம். கார்புரேட்டரில் தங்கியிருந்த வெறும் பெட்ரோலைத் தரையில் வடித்தேன். பாட்டிலில் நாலரைக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்தப் பெண் ஒரு சிறிய அளவு மூடியை எடுத்தார். வகுப்பில் நான் எல்லோருக்கும் கொடுத்த அதே மூடி.

"பதிமூணு போதும்" என்றேன்.

"சூடு பட்ட இன்ஜினு. இருபது ஊத்துங்க மேடம்."

இருபது ஊற்றினோம். கிக்கரை மிதித்தேன். மூன்றாவது மிதியில் வண்டி இருமிக்கொண்டு எழுந்தது. பின்னால் கெட்டியாக, நீலமாக, அழகாகப் புகை.

"வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கணவர் கை தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஆயில் கதைய சொல்லாதீங்க மேடம். நாங்களும் சொல்ல மாட்டோம்" என்றார்.

பதினோரு கிலோமீட்டர். முப்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. இன்ஜின் முன்பு போல இல்லை, இழுவை குறைந்து, ஏதோ தட்டுகிற சத்தம். கோடுகள் முன்பைவிட வேகமாக இறங்கின. நான்கு. மூன்று. இரண்டு. திருவையாற்றுப் பக்கத்துக் கோபுரம் தெரிந்தபோது ஒன்று. எங்கள் தெருமுனையில் திரும்பியபோது குழாயில் குமிழி ஓடியது. அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில் கொண்டு போய் நிறுத்தினேன். பாட்டிலின் அடியில் இரண்டு ஸ்பூன் பெட்ரோல் மீதி.

அப்பா மீட்டரைப் பார்த்தார். முப்பது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் இன்ஜின் பக்கம் காதைச் சாய்த்தார்.

"என்னா சத்தம் மாறிக் கெடக்கு?"

எதிர்க்காற்று, ரோடு தூசி என்று பதில்கள் நாக்கு நுனி வரை வந்தன. அந்தச் சிவப்புத் துணி நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வகுப்பு எடுத்ததையும் சேர்த்து.

அப்பா நோட்டில் எழுதியிருந்த மீட்டர் எண்ணை மறுபடி பார்த்தார். "வழியில பெட்ரோலு ஊத்துனியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஜெயிச்சுட்ட" என்று கும்பகோணத்துக்காரருக்குப் போன் செய்ய உள்ளே போனவர், திரும்பி வந்தார். "வெறும் பெட்ரோல்ல ஓட்டுன்னு சொன்னது நானு. எங்கிட்ட டிராக்டர் ஓட்டுற புத்திதான் இருக்கு. நீ படிச்சவ, நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

வண்டி தப்பியது. செலவு தப்பவில்லை. புதிய பிஸ்டன், ரிங், சிலிண்டரைத் தேய்த்துச் சரிசெய்யும் கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஆறு மாதம் மைலேஜில் மிச்சம் பிடித்திருக்கக் கூடிய பணம் ஒரே காலையில் போயிருந்தது. அதையும் நோட்டில் எழுதினேன். ஆயில் பம்பைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பொருத்தியதும் அந்த மாதம்தான். இப்போது நான் மறந்தாலும் இன்ஜின் மறக்காது. அம்மாவின் ஒரு லிட்டரும் திரும்பப் போய்விட்டது, இரண்டாக.

கழற்றிய பழைய பிஸ்டனை நான் தூக்கிப் போடவில்லை. பக்கவாட்டில் பூனை பிறாண்டியது போல் நீள நீளமாகக் கீறல்கள். ஒவ்வொரு ஸ்பிரேயர் வகுப்பிலும் முதலில் அதைத்தான் மேசை மேல் வைக்கிறேன். அடுத்த முறை அந்த ஊருக்குப் போனபோது அந்தப் பெண்ணையே எழுந்து பேசச் சொன்னேன். கூச்சப்பட்டார், பிறகு ஆரம்பித்தார். "நம்ம மேடம் ஒரு நாள் புகையே இல்லாம போனாங்க..." வகுப்பே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். அன்று அந்த ஊரில் எட்டுப் பேர் தங்கள் கேனில் சிவப்புத் துணி கட்டினார்கள்.

இன்றும் எதையாவது பட்டியல் போட்டு, கடைசி டிக்கையும் அடித்து நிமிரும்போது, பேனாவை மூடுவதற்கு முன் ஒரு நிமிடம் அந்தக் காவிரிக் கரைச் சாலையில் போய் நின்று, பின்னால் புகை வருகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.